போன்ஜூர் சொல்லிட்டு உட்காருங்க!

காரைக்கால் என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பக்திமான் என்றால் காரைக்கால் அம்மையாரும் மாங்கனித் திருவிழாவும். ஏழரைச் சனி நடக்கிறவர் என்றால் பக்கத்திலிருக்கும் திருநள்ளாறு. சனிக்கிழமை சாயங்காலம் நாகப்பட்டினத்திலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் இரண்டிரண்டு பேராக பைக்கில் வந்து இறங்கும் வாலிபர்களுக்கு வேறு ஞாபகம். (புதுச்சேரியில் வரி குறைவு. இதற்கு மேல் எழுதினால் ஆசிரியர் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார்.)

எனக்குக் காரைக்கால் என்றால் மாமனார் வீடு. மாமனார் வீடு என்றால் மற்ற மாப்பிள்ளைகளுக்கு விருந்து, வெற்றிலை, மத்தியானத் தூக்கம். எனக்கு மட்டும் பிரெஞ்சு கிளாஸ்!

நான் கும்பகோணத்தில் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் தெரியும். இங்கிலீஷ் ஓரளவு தெரியும். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற அளவுக்குத் தமிழ் தெரியும். பிரெஞ்சுக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம் பிரெஞ்சு தாடி. அதுவும் ஒழுங்காக வளரவில்லை.

வாத்தியார், என் மனைவியின் தாத்தா. தெருவில் அவருக்கு 'சொல்தா தாத்தா' என்று பெயர். 'சொல்தா' என்றால் பிரெஞ்சில் சிப்பாய். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்குப் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கம் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் இன்னும் பரேடு மைதானத்திலேயே இருக்கிறது.

இந்த ஊரில் ஒரு சிப்பாய் எப்படி பிரெஞ்சுச் சிப்பாய் ஆனார் என்பதற்கு ஒரு பாரா சரித்திரம் தேவைப்படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. நடுவில் இங்கிலீஷ்காரர்கள் பிடுங்கிக்கொண்டதும் திருப்பிக் கொடுத்ததும் நடந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. அப்போது இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுப் பிரஜையாகவே தொடரலாம். ஒரே தெருவில் எழுதிக் கொடுத்த வீடு, எழுதிக் கொடுக்காத வீடு என்று பிரிந்தது. எழுதிக் கொடுத்த வீட்டுப் பையன்களுக்குக் கல்யாண மார்க்கெட்டில் மவுசு ஏறியது தனிக் கதை.

தாத்தாவின் அப்பா எழுதிக் கொடுத்தார். தாத்தா 1965-இல் கப்பலேறி ராணுவத்தில் சேர்ந்தார். அவருடைய பேரன், அதாவது என் மச்சினன், இப்போது பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறான். அவனும் பி.காம். எங்கள் குடும்பத்தில் அது ஒரு பரம்பரை வியாதி. பாஸ்போர்ட் பிரெஞ்சே தவிர, படித்ததெல்லாம் தமிழும் இங்கிலீஷும். வாயில் ஒரு வார்த்தை பிரெஞ்சு கிடையாது. காரைக்காலில் இந்த மாதிரி 'பேப்பர் பிரெஞ்சுக்காரர்கள்' நிறையப் பேரைப் பார்க்கலாம்.

அவனுக்குப் பாரிஸில் ஒரு ரெஸ்டாரண்டில் வேலைக்குச் சொந்தக்காரர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். பாத்திரம் கழுவுகிற வேலை. கிளம்ப இரண்டு மாதம் இருந்தது. பையன் செல்போனில் ஒரு ஆப் இறக்கிக்கொண்டு இங்கிலீஷ் வழியாக பிரெஞ்சு படிக்க ஆரம்பித்தான். 'யானை பால் குடிக்கிறது' என்று அது சொல்லிக்கொடுத்தது. பாரிஸில் எந்த யானைக்கு இவன் பால் ஊற்றப் போகிறான் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தாத்தா குறுக்கே வந்தார்.

"அத மூடி வைடா. பாத்திரம் கழுவறதுக்கு பாஷை வேணாம். ஒக்காந்து சாப்புடறதுக்குத்தான் வேணும். மொதல்ல அதக் கத்துக்க. மாப்ளே, நீங்களும் ஒக்காருங்க. தனியா இருந்தா தூங்கிடுவான்."

பாத்திரம் கழுவப் போகிறவனுக்கு எதற்கு சாப்பிடுகிற பிரெஞ்சு? எனக்கும் அப்போது புரியவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. பிறகே சொல்கிறேன்.

முதல் பாடம், 'போன்ஜூர்'. இங்கிலீஷில் ஹோட்டலுக்குள் நுழைந்தால் நேராக, "எக்ஸ்கியூஸ் மீ, ஒன் காபி ப்ளீஸ்." அதோடு மரியாதை முடிந்தது. பிரான்ஸில் அது செல்லாது. கடையோ, காபி கிளப்போ, பேக்கரியோ, உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தை 'போன்ஜூர்'. ராத்திரியானால் 'போன்ஸ்வார்'. அதைச் சொல்லாமல் ஆர்டர் கொடுத்தால், செருப்போடு பூஜை அறைக்குள் போன மாதிரி பார்ப்பார்கள்.

தாத்தா மிகைப்படுத்துகிறாரோ என்று தோன்றியது. ஆனால் கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. 2013-இல் நீஸ் நகரத்தில் 'லா பெத்தீத் சீரா' என்ற சின்னக் காபிக் கடை வைத்த விலைப் பலகை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 'ஒரு காபி' என்று கேட்டால் 7 யூரோ. 'ஒரு காபி, ப்ளீஸ்' என்றால் 4 யூரோ 25 சென்ட். 'போன்ஜூர், ஒரு காபி, ப்ளீஸ்' என்றால் 1 யூரோ 40 சென்ட். கடைக்காரர் வேடிக்கைக்காக வைத்ததுதான். ஆனால் பி.காம். மூளை சும்மா இருக்குமா? மரியாதைக்கு எண்பது சதவிகிதம் டிஸ்கவுண்ட்! ஆடித் தள்ளுபடி பிச்சை வாங்க வேண்டும்.

இரண்டாம் பாடம், சர்வரைக் கூப்பிடுவது. பழைய இங்கிலீஷ் கைடுகளில் 'கார்ஸோன்' என்று கூப்பிடச் சொல்லியிருக்கும். சினிமாவிலும் அப்படித்தான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் 'பையன்'. ஐம்பது வயது சர்வரைப் பார்த்து "டேய் பையா" என்றால் தோசை எப்படி வரும்? நம் ஊரில் அண்ணே என்போம், தம்பி என்போம். அங்கே 'முஸியே', பெண்ணாக இருந்தால் 'மதாம்'. இல்லாவிட்டால் கையை லேசாகத் தூக்கி 'சில் வூ ப்ளே'. சொடக்குப் போடுவது, கைதட்டுவது எல்லாம் கூடவே கூடாது.

இந்த 'சில் வூ ப்ளே'யில் நடுவில் நிற்கிற 'வூ' இருக்கிறதே, அதுதான் நம் 'நீங்க'. 'து' என்றால் 'நீ'. இங்கிலீஷில் கலெக்டருக்கும் 'யூ', நாய்க்குட்டிக்கும் 'யூ'. அதனால் இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சு படிக்கும்போது 'து' எங்கே, 'வூ' எங்கே என்று புரியாமல் திண்டாடுகிறார்கள். நமக்கு அது தாய்ப்பாலோடு வந்த விஷயம். யாரை நீ என்பது, யாரை நீங்க என்பது என்று மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும்.

"இங்கிலீஷ் வழியா போனா சுத்து வழி மாப்ளே. தமிழ் வழியா போங்க, குறுக்கு வழி" என்றார் தாத்தா. 'எனக்கு வேணும்' என்று அடித்துக் கேட்பது 'ஜ வே'. பசித்த குழந்தை கேட்கிற மாதிரி. 'கெடைக்குங்களா' என்று இழுத்துக் கேட்பது 'ஜ வூத்ரே'. ஹோட்டலில் செல்லுபடியாவது இரண்டாவதுதான். 'ஜ வூத்ரே அன் கஃபே, சில் வூ ப்ளே.' நம் 'ஒரு காபி குடுங்க'வின் வாலில் இருக்கும் 'ங்க'வை அவர்கள் மூன்று வார்த்தையாக நீட்டி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் பாடம், உச்சரிப்பு. இங்கேதான் ஆப் கைவிட்டது. ரொட்டிக்கு பிரெஞ்சில் என்ன? தமிழில் எழுதினால் 'பேன்'. ஆமாம், தலையில் ஊருமே, அதே எழுத்துதான். ஒயினுக்கு என்ன? 'வேன்'. ஆர்டர் கொடுத்தால் பேனும் வேனும் வருகிற பாஷை! மச்சினன் 'ன்'-ஐ அழுத்திச் சொல்லச் சொல்ல, தாத்தாவுக்கு பிரஷர் ஏறியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"'நான் கேப்பேன்'னு சொல்லுடா."

"நான் கேப்பேன்."

"எளுதற மாதிரி சொல்லாத. சண்டை போடற மாதிரி சொல்லு."

"நான் அப்டித்தான் கேப்பேன்!"

"அந்த கடைசிப் 'பேன்'ல நாக்கு மேல ஒட்டுச்சா? ஒட்டலைல்ல? மூக்காலதானே வந்துச்சு? அதாண்டா ரொட்டி! 'சொல்வேன்'ல வர்ற 'வேன்', அதான் ஒயினு!"

சொல்லிப் பாருங்கள். எழுதும்போது 'ன்' போடுகிறோமே தவிர, பேசும்போது அந்த 'ன்' மூக்கில் கரைந்துவிடுகிறது. பிரெஞ்சின் பிரசித்தி பெற்ற மூக்கொலி நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. இங்கிலீஷில் யோசித்தால் மட்டும் அது அகப்படாது.

அடுத்தது புணர்ச்சி. பயப்படாதீர்கள், இலக்கணப் புணர்ச்சிதான். 'போன்' தனியாக நின்றால் மூக்கால் வரும். 'அப்பெத்தி' பக்கத்தில் வந்தால் இரண்டும் சேர்ந்து 'போனப்பெத்தி'. நல்லாச் சாப்பிடுங்க என்று அர்த்தம். அது மட்டுமா? இரண்டு உயிரெழுத்து மோதினால் நாம் நடுவில் 'ய்' போட்டு 'மணியடித்தது' என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் சில இடங்களில் 'த்' போடுகிறார்கள். 'இருக்கிறதா' என்று கேட்க 'யா'வும் 'இல்'லும் சேரும்போது 'யாதில்'. அச்சு அசல் உடம்படுமெய்! பத்தாம் வகுப்பில் தமிழய்யாவிடம் வாங்கிய குட்டு பாரிஸில் பலன் தரும் என்று யார் கண்டது?

இந்த 'யாதில்' நம்மவர்களுக்கு ரொம்ப முக்கியம். 'யாதில் தியூ பெஃப்?' என்றால் 'இதில் மாட்டுக்கறி இருக்கிறதா?' 'பெஃப்' வேண்டாதவர்கள், 'போர்' என்கிற பன்றிக்கறி வேண்டாதவர்கள், புரட்டாசிக்காரர்கள் எல்லோரும் இதை மனப்பாடம் செய்துகொள்ளவும். 'வியாந்த்' என்றால் இறைச்சி. ஆனால் 'வியாந்த் சாப்பிட மாட்டேன்' என்று மட்டும் சொன்னால், "அப்படியா?" என்று மீனைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அவர்கள் கணக்கில் மீன் வேறு ஜாதி. இரண்டும் வேண்டாம் என்றால் இரண்டையும் சொல்ல வேண்டும்.

மீன் என்றதும் இன்னொரு கண்டம். மீனுக்கு 'புவாஸோன்'. விஷத்துக்கும் 'புவாஸோன்'! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, ஏனென்றால் நம்மிடம் ஒரே ஒரு 'ஸ'தான். தாத்தா சொன்ன சூத்திரம் இது: "பாம்பு மாதிரி சீறுனா மீனு. வண்டு மாதிரி ரீங்காரம் போட்டா வெஷம்." பாம்பு என்றால் விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பாம்புதான் மீன். மச்சினன் ஒரு வாரம் வீடு முழுக்கச் சீறிக்கொண்டு திரிந்தான். மாமியார் மந்திரிக்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான்காம் பாடம், மெனு கார்டு. முதலில், அங்கே 'மெனு' என்றால் கார்டு இல்லை. குறிப்பிட்ட விலைக்குக் கொடுக்கிற செட் சாப்பாடு. நம் 'மீல்ஸ்' மாதிரி. கார்டு வேண்டுமென்றால் 'லா கார்த்'. 'ஆந்த்ரே' என்று ஒரு வரி இருக்கும். அமெரிக்க இங்கிலீஷில் அது பிரதான உணவு. பிரெஞ்சில் அது நுழைவாயில், அதாவது சூப், சாலட் வகையறா. அமெரிக்கா போய் வந்த ஆபீஸ் நண்பர்கள் அதை மட்டும் ஆர்டர் செய்துவிட்டு நான்கு இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும். முக்கிய உணவு 'ப்ளா'. 'ஸ்டேக் தார்தார்' என்று பெயர் அழகாக இருக்கிறதே என்று கேட்டுவிடாதீர்கள். கொத்திய பச்சை மாட்டுக்கறியும், வழக்கமாகப் பச்சை முட்டைக் கருவும் வரும். கறியை நன்றாக வேகவைத்துத் தரச் சொல்ல 'பியேன் குயி'.

தண்ணீர் சும்மா கேட்டால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். 'யூன் கராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், இலவசம். சாப்பாட்டோடு ரொட்டியும் சாதாரணத் தண்ணீரும் விலையிலேயே சேர்த்தி என்று 1967-லேயே அரசாணை இருக்கிறது. 2020-இல் வந்த சட்டம், இலவசக் குடிநீர் உண்டு என்பதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்கவும் சொல்லிவிட்டது. பார்சலுக்கு 'ஆ ஆம்போர்த்தே'. இங்கேயே சாப்பிட 'ஸ்யூர் ப்ளாஸ்'.

ஐந்தாம் பாடம், போதும் என்பது. யாராவது இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்கும்போது, சந்தோஷமாக 'மெர்ஸி' என்று சொன்னால் தட்டு நகர்ந்துவிடும்! அந்த இடத்தில் 'மெர்ஸி' என்றால் பெரும்பாலும் 'வேண்டாம், நன்றி'. வேண்டுமென்றால் 'வி, சில் வூ ப்ளே' சொல்ல வேண்டும். வயிறு நிறைந்துவிட்டது என்பதை 'ஐ ஆம் ஃபுல்' என்று மனதில் வைத்துக்கொண்டு அப்படியே பிரெஞ்சில் மாற்றினால் வம்பு. ஆண் சொன்னால் 'நான் போதையில் இருக்கிறேன்' என்று வரும். பெண் சொன்னால், சினையாக இருக்கும் மாட்டுக்குச் சொல்கிற வார்த்தை வரும். 'ஜே பியேன் மான்ஜே', நல்லாச் சாப்பிட்டேன், என்றால் போதும். நாம் இலையை மடிக்கிற மாதிரி, அவர்கள் கத்தியையும் முள் கரண்டியையும் தட்டில் ஒன்றாகப் படுக்க வைக்கிறார்கள். சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம்.

ஆறாம் பாடம், பில். 'லாதிஸியோன், சில் வூ ப்ளே.' கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள். கொண்டுவந்து வைத்தால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். எண்களைக் கேட்டதும் என் பி.காம். பட்டம் ஒருமுறை ஆடியது. எழுபதுக்கு 'அறுபது பத்து'. எண்பதுக்கு 'நாலு இருபது'. தொண்ணூற்றேழுக்கு 'நாலு இருபது பத்து ஏழு'. பில் தொகையைச் சொல்லவே கால்குலேட்டர் வேண்டும்! பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ்காரர்கள்தான் விடுவதாக இல்லை.

"தமிழ் மட்டும் என்னவாம்?" என்றார் தாத்தா. "எளுபது, எண்பதுன்னு ஒளுங்கா வந்துட்டு, அடுத்தது தொண்ணூறு. தொண்ணூறுல நூறு எங்கேருந்து மாப்ளே வந்துச்சு? தொள்ளாயிரத்துல ஆயிரம்?"

பதில் சொல்ல முடியவில்லை. இன்னொரு நல்ல செய்தி: சர்வீஸ் சார்ஜ் பதினைந்து சதவிகிதம் விலையிலேயே சேர்ந்திருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை. மனசிருந்தால் சில்லறையை வைத்துவிட்டு வரலாம்.

ஒருநாள் மச்சினன் சலித்துக்கொண்டான். "தாத்தா, நான் கழுவப் போறது தட்டு. தட்டுக்கு எதுக்கு போன்ஜூர்?"

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவருடைய தம்பியைப் பற்றிச் சொன்னார்.

தம்பி 1974-இல் பாரிஸ் போனவர். ஒரு பெரிய ரெஸ்டாரண்டின் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை. அந்த வேலைக்கு பிரெஞ்சில் 'ப்லோன்ஜர்' என்று பெயர். அப்படியே தமிழில் சொன்னால் முத்துக்குளிக்கிறவனைப் போல 'முங்குகிறவன்'. முத்துக் குளிக்கிறவனாவது மூச்சு வாங்க மேலே வருவான். தாத்தாவின் தம்பி இருபத்திரண்டு வருஷம் மேலே வரவே இல்லை. சமையல்கட்டுக்கும் சாப்பிடுகிற ஹாலுக்கும் நடுவில் ஒரு ஆட்டக் கதவு. அந்தப் பக்கம் இருந்தவர்களை எல்லோரும் 'முஸியே' என்றார்கள். இந்தப் பக்கம் இருந்தவரை 'ஏ, துவா' என்றார்கள். ஏய், நீ.

"வேல கேவலம் இல்ல மாப்ளே. நானும் ராணுவத்துல அண்டா கழுவுனவந்தான். ஆனா சாப்பாட்டுக் கடையிலயே இருவத்திரண்டு வருசம் இருந்தவன், ஒருநாளும் ஒரு கடையில ஒக்காந்து, இதக் கொண்டாங்கன்னு கேட்டுச் சாப்புட்டதில்ல. காசு இருந்துச்சு. வாய் வரல. பயம். கார்டைக் குடுத்துட்டு எதுனா கேட்டா என்னா சொல்றதுன்னு பயம். ஊருக்கு வந்தப்ப எங்கிட்ட சொல்லி அளுதான். அதான் சொல்றேன். ஒக்காந்து சாப்புடக் கத்துக்கிட்டவன்தான் எந்திரிச்சுப் போய்ப் பரிமாறவும் முடியும்."

அன்றைக்கு அப்புறம் மச்சினன் சலித்துக்கொள்ளவில்லை.

பிராக்டிகல் பரீட்சை புதுச்சேரியில் நடந்தது. காரைக்காலில் பரோட்டா கேட்க பிரெஞ்சு தேவையில்லை என்பதால், மூன்று பேரும் காலையில் பஸ் ஏறினோம். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக நாலு மணி நேரம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரன், காரைக்காலில் பிரெஞ்சுக்காரன், நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியனும் டச்சுக்காரனும். பஸ் ஸ்டாப்புக்கு ஒரு ஐரோப்பாக்காரன் கடை போட்டிருந்த கடற்கரை இது!

பீச் ரோடுக்குப் பின்தெருவில் ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரண்ட். மச்சினன் சட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனான். "போன்ஜூர் முஸியே!"

"வாங்க தம்பி, எத்தன பேரு?" என்றார் சர்வர்.

தாத்தா பதறிவிட்டார். "ஐயோ, தமிழ்ல பேசாதீங்க! பையனுக்குப் பரீட்சை!"

விழுப்புரம் பக்கத்துக்காரர் அந்த சர்வர். விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து நின்றுகொண்டு, கடகடவென்று பிரெஞ்சில் ஆரம்பித்தார் பாருங்கள், தாத்தாவே அசந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்ததில்லையாம். வருகிற பிரெஞ்சுக்காரர்கள் கேட்பதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்ததாம். பக்கத்து டேபிளில் சூட்டிகையான இரண்டு ஆபீஸ் இளைஞர்கள், பெங்களூர் போலிருக்கிறது, "கார்ஸோன்! கார்ஸோன்!" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். சர்வர் எங்கள் டேபிளில் எல்லாம் முடித்துவிட்டு, தண்ணீர் ஜாடியைத் துடைத்து வைத்துவிட்டு, நிதானமாக அந்தப் பக்கம் திரும்பினார். மச்சினன் பாம்பாகச் சீறிக் கேட்டான். மீனே வந்தது. பாஸ்!

அடுத்த மாதம் அவன் விமானம் ஏறினான். தாத்தா ஒரே ஒரு கட்டளை போட்டார். முதல் மாதச் சம்பளத்தில், தனியாக ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போய் உட்கார்ந்து, கேட்டுச் சாப்பிட்டுவிட்டு போன் பண்ண வேண்டும். லா ஷாப்பெல் பக்கம் போகக்கூடாது. பாரிஸில் அந்த வட்டாரம் முழுக்கத் தமிழ்க் கடைகள். இட்லி, இடியாப்பம், கொத்து ரொட்டி எல்லாம் தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம். 1980-களிலிருந்து இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் உழைத்து உண்டாக்கிய இடம் அது. நாக்குக்குச் சொர்க்கம். ஆனால் பரீட்சைக்கு அது பிட்டு அடிக்கிற இடம்.

வேலை கடினம் என்று மச்சினன் முதல் வாரமே சொன்னான். கொதிக்கிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் "ஷோ தவான்!" என்று கத்திக்கொண்டே வருவார்களாம். கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளிக்காரர் "சூடு சூடு, ஓரம் போ" என்று வருவாரே, அதேதான். சோர்ந்துபோயிருந்தவனுக்கு நான் ஒரு செய்தியை அனுப்பினேன். இலங்கையிலிருந்து 2006-இல் பிரான்ஸ் போன தர்ஷன் செல்வராஜா என்ற தமிழர், 2023-இல் பாரிஸ் நகரத்தின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வாங்கினார். ஜெயித்தவருக்கு ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி சப்ளை செய்யும் கௌரவம். இலங்கைத் தமிழில் ரொட்டிக்குப் 'பாண்' என்று பேர், போர்ச்சுகீசியர் விட்டுப் போனது. பாணிலிருந்து 'பேனு'க்குப் போய் பிரெஞ்சுக்காரனுக்கே ஊட்டிவிட்டார் மனிதர். "நீ கேப்பேன்னு சொல்லவாவது கத்துக்கிட்டியே" என்று முடித்திருந்தேன்.

ஐந்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போன் வந்தது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஸ்பீக்கரில் போட்டோம்.

"தாத்தா, போயிட்டு வந்துட்டேன்."

உள்ளே போய் போன்ஜூர் சொல்லியிருக்கிறான். கார்டில் ஒரு மீன் அயிட்டத்துக்குப் பக்கத்தில் 'வதூவான்' என்று போட்டிருந்ததாம். புரியவில்லை. பயப்படாமல் "கெஸ்க ஸே?" என்று கேட்டிருக்கிறான். இது என்னங்க, என்று அர்த்தம். பாண்டிச்சேரிப் பக்கத்து மசாலா என்றாராம் சர்வர். முகர்ந்து பார்த்தால், நம் வடவம்! சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம் எல்லாம் இடித்து, உருண்டை பிடித்து, விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காயவைப்போமே, தாளிக்கிற வடவம். அதுதான் கடல் கடந்து 'வதூவான்' ஆகி, பெரிய பெரிய சமையல்காரர்கள் கையில் உட்கார்ந்திருக்கிறது.

"எங்க வீட்டுல செய்வோம்னு சொன்னேன் தாத்தா. வெங்காயம், வெயிலு, மொட்டை மாடி எல்லாம் பாதி பிரெஞ்சு, பாதி கையால சொன்னேன். சர்வர் உள்ளே போய் சமையல்காரரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. அவரு ஆட்டக் கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்து, என் டேபிள் பக்கத்துல நின்னு கேட்டாரு."

"வெல என்னா?" என்றார் தாத்தா.

"பத்தொம்பது யூரோ."

"அடப்பாவி! ஒங்க அப்பாயி மொட்டை மாடியில காக்கா ஓட்டிக்கிட்டுக் காயப் போட்டதுக்கா ஆயிரத்தைந்நூறு ரூவாய்க்கு மேல?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். தாத்தா மட்டும் போனுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வெளிய வரப்ப 'ஓ ர்வுவார்' சொன்னியா?"

"சொன்னேன் தாத்தா."

"அவங்க என்னா சொன்னாங்க?"

"'ஓ ர்வுவார், முஸியே'ன்னாங்க."

"என்னா சொன்னாங்க?"

"முஸியேன்னாங்க தாத்தா."

"இன்னொரு தடவ சொல்லு."

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.